படைவாழ்வும் கிறிஸ்தவ விசுவாசமும்

க.பொ.த. (சாதாரண தரம்) – கிறிஸ்தவம்
பாட விளக்கம், பயிற்சி வினாக்கள், மாதிரி விடைகள்

இப்பாடத்தைக் கற்று முடிக்கும்போது நீங்கள் பின்வரும் தேர்ச்சிகளைப் பெற்றிருப்பீர்கள்.

• படைவீரர் பற்றிய புதிய ஏற்பாட்டுப் பகுதிகளை எடுத்துக்காட்டுவீர்கள்.
• படைவாழ்வில் விசுவாசம் வெளிப்படும் மூன்று வழிகளை உதாரணங்களுடன் விளக்குவீர்கள்.
• சமய அடையாளத்தை அணிவதற்கும் சமயத்தின்படி வாழ்வதற்கும் இடையிலான வேறுபாட்டைக் கூறுவீர்கள்.
• மனச்சாட்சிச் சுதந்திரம் பற்றி நியாயங்களுடன் கட்டுரை எழுதுவீர்கள்.

அறிமுகம்

அன்பான மாணவர்களே, ஞாயிறு ஆராதனை, குடும்பச் செபம், நோயாளரைச் சந்தித்தல் என்பன நாம் நன்கு அறிந்த விசுவாச வெளிப்பாடுகளாகும். ஆனால் கட்டளைக்குக் கீழ்ப்படிவதே முதற் கடமை எனக் கொள்ளப்படும் படைமுகாமில் ஒரு கிறிஸ்தவர் தமது விசுவாசத்தை எவ்வாறு வெளிப்படுத்துவார்? மேலதிகாரியின் கட்டளையும் கடவுளின் கட்டளையும் முரண்படும்போது அவர் எதற்குக் கீழ்ப்படிவார்? இவ்வினாக்களுக்குத் திருச்சபை வரலாற்றில் பலர் தமது வாழ்வினாலேயே விடை கூறியுள்ளனர். சிலர் அதற்காக உயிரையும் கொடுத்துள்ளனர்.

படைவாழ்வில் விசுவாசம் பின்வரும் மூன்று வழிகளில் வெளிப்படுகின்றது.

(அ) வழிபாடு – செபம், ஆராதனை, ஓய்வுநாளைக் கடைப்பிடித்தல்
(ஆ) பணி – காயமுற்றோர், அஞ்சுவோர், இறப்போர் ஆகியோருக்கு உதவுதல்
(இ) மனச்சாட்சி – தவறெனக் கண்டதைச் செய்ய மறுத்தல்

இம்மூன்றையும் மனதிற் பதித்துக்கொள்ளுங்கள். இப்பாடத்திலுள்ள எந்த உதாரணத்தையும் இவற்றுள் ஒன்றின் கீழோ பலவற்றின் கீழோ எழுதலாம்.

1. புதிய ஏற்பாட்டில் படைவீரர்

புதிய ஏற்பாட்டில் படைவீரர் பல இடங்களில் வருகின்றனர். பின்வரும் நான்கு பகுதிகளும் முக்கியமானவை.

• லூக்கா 3:14 – தாம் என்ன செய்ய வேண்டும் எனப் படைவீரர் திருமுழுக்கு யோவானிடம் கேட்கின்றனர். மக்களை மிரட்டிப் பணம் பறிக்கவோ பொய்க் குற்றம் சுமத்தவோ வேண்டாம் எனவும், கிடைக்கும் சம்பளத்துடன் நிறைவடையுமாறும் அவர் கூறுகின்றார்.
• மத்தேயு 8:5-13, லூக்கா 7:1-10 – கப்பர்நாகூமிலிருந்த நூற்றுவர் தலைவர் நோயுற்ற தம் பணியாளனுக்காக இயேசுவிடம் வேண்டுகின்றார். அவரது விசுவாசத்தை இயேசு வியந்து பாராட்டுகின்றார்.
• மாற்கு 15:39 – சிலுவையின் அருகே நின்ற நூற்றுவர் தலைவர் இயேசுவை இறைமகன் என அறிக்கையிடுகின்றார்.
• திருத்தூதர் பணிகள் 10 – செசரியாவிலிருந்த கொர்னேலியு என்ற நூற்றுவர் தலைவர் தம் வீட்டாருடன் திருமுழுக்குப் பெறுகின்றார். யூதரல்லாதோருக்குத் திருச்சபையின் கதவு திறக்கப்பட்ட முக்கிய நிகழ்வு இதுவாகும்.

இங்கு ஒரு விடயத்தை அவதானியுங்கள். படைத்தொழிலை விட்டுவிடுமாறு இவர்களுள் எவருக்கும் கூறப்பட்டதாக இப்பகுதிகளில் எழுதப்படவில்லை. ஆயினும் கையில் ஆயுதம் உள்ளவர் அதைக் கொண்டு எளியோரை வருத்தக் கூடாது என்ற எச்சரிக்கை தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. அதேவேளை, பகைவரை நேசிக்க வேண்டும் என்ற இயேசுவின் போதனையும் (மத்தேயு 5:44) படைவீரருக்கும் உரியதே. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதே பிற்காலக் கிறிஸ்தவரின் போராட்டம் எமக்கு விளங்கும்.

2. உரோமப் படையில் கிறிஸ்தவர்

உரோமப் படையில் சேர்பவர் பேரரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும். இது இலத்தீன் மொழியில் 'சக்ரமெந்தும்' எனப்பட்டது. திருவருட்சாதனங்களைக் குறிக்கப் பிற்காலத்தில் திருச்சபை வழங்கிய சொல்லும் இதுவேயாகும். படைமுகாமில் தெய்வங்களுக்கும் பேரரசருக்கும் பலி செலுத்தும் வழக்கமும் இருந்தது. எனவே இரத்தம் சிந்துதல் மட்டுமன்றிச் சிலைவழிபாடும் கிறிஸ்தவப் படைவீரருக்குப் பிரச்சினையாக அமைந்தது.

கி.பி. 211 அளவில் கார்த்தேஜ் நகரைச் சேர்ந்த தெர்த்துல்லியன் என்ற எழுத்தாளர், மலர்முடி சூட மறுத்த ஒரு படைவீரனை ஆதரித்து நூல் எழுதினார். கிறிஸ்தவருக்குப் படைச்சேவை பொருந்தாது என்பது அவரது கருத்தாகும். எனினும் அக்காலத்திலேயே கிறிஸ்தவர் பலர் படையில் பணியாற்றினர் என்பதையும் அவரது எழுத்துக்களால் அறிகிறோம்.

மக்சிமிலியன் (கி.பி. 295): இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தெவெஸ்தே என்ற இடத்தில் படையில் சேர்க்கப்படுவதற்காகக் கொண்டுவரப்பட்ட 21 வயது இளைஞர். தாம் கிறிஸ்தவர் என்பதால் படைவீரராக முடியாது எனக் கூறினார். மரண தண்டனை பெற்றார்.

மார்செல்லுஸ் (கி.பி. 298): நூற்றுவர் தலைவர். பேரரசரின் பிறந்தநாள் விழாவின்போது தமது படைக் கச்சையைக் கழற்றிக் கொடிகளின் முன் எறிந்து, தாம் கிறிஸ்துவுக்கே பணிபுரிவதாக அறிவித்தார். இன்றைய மொரோக்கோவிலுள்ள தாஞ்சியரில் விசாரிக்கப்பட்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கொல்லப்பட்டார்.

இவ்விருவரும் மறைசாட்சிகளாகப் போற்றப்படுகின்றனர். ஒருவர் படையில் சேர மறுத்தார். மற்றவர் படையில் உயர்ந்த பின்னர் விலகினார். இவ்வேறுபாட்டைப் பரீட்சையில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

கி.பி. 313 இல் மிலான் நகரில் எட்டப்பட்ட இணக்கத்தின் மூலம் கிறிஸ்தவருக்குச் சமய சுதந்திரம் கிடைத்தது. முன்னைய ஆண்டில் மில்வியன் பாலத்தருகே நடைபெற்ற போரில் கொன்ஸ்தந்தைன் பேரரசரின் படையினர் கிறிஸ்தவ அடையாளத்தைத் தாங்கிப் போரிட்டதாகக் கிறிஸ்தவ எழுத்தாளர் குறிப்பிடுகின்றனர். இதன்பின் நிலைமை தலைகீழாக மாறியது. பலி செலுத்துமாறு வற்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர், இப்போது தமது அடையாளத்தின் கீழேயே போருக்குச் செல்லலாயினர். அச்சத்திலிருந்து விடுதலை கிடைத்தது. ஆனால் அரசின் போரைக் கடவுளின் போராக எண்ணும் புதிய சோதனையும் வந்தது.

3. தூய மார்ட்டினின் மேலாடை

மார்ட்டின் கி.பி. 316 அளவில் இன்றைய ஹங்கேரியில் பிறந்தவர். படை அதிகாரி ஒருவரின் மகன். தாமும் உரோமப் படையில் சேர்ந்தார். இன்றைய பிரான்சிலுள்ள ஆமியான் நகர வாயிலில் குளிரால் நடுங்கிய ஏழை ஒருவரைக் கண்டு, தமது மேலாடையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியை அவருக்குக் கொடுத்தார். வெட்டுவதற்கான வாள் இங்கு ஒருவரை வாழ வைக்க உதவியது.

பின்னர் போர் ஒன்று நெருங்கியபோது தாம் கிறிஸ்துவின் வீரர் என்பதால் போரிட முடியாது எனக் கூறி விலக அனுமதி கேட்டார். கோழை எனக் குற்றஞ்சாட்டப்பட்டபோது ஆயுதமின்றிப் படையின் முன்னணியில் நிற்க முன்வந்தார். பகைவர் சமாதானம் கேட்டதால் அப்போர் நடைபெறவில்லை என அவரது வரலாற்றை எழுதிய சுல்பீசியுஸ் செவேருஸ் கூறுகின்றார். மார்ட்டின் 371ஆம் ஆண்டளவில் தூர் நகரின் ஆயரானார். 397 இல் மரித்தார்.

மார்ட்டினின் மேலாடை 'கப்பா' எனப்பட்டது. அது திருப்பொருளாகப் பாதுகாக்கப்பட்ட இடம் 'கப்பெல்லா' ஆயிற்று. அதிலிருந்தே 'சப்பல்' என்ற சொல் பிறந்தது. அதைக் காத்த குருக்களின் பெயரே 'சாப்ளின்' என மருவியது. படையில் பணியாற்றும் குருவை இன்றும் இப்பெயரால் அழைக்கின்றனர். போரிட மறுத்த ஒருவரின் ஆடையிலிருந்து படைக்குருவின் பெயர் பிறந்தமை சிந்திக்கத்தக்கது.

4. படைக்குருக்களின் பணி

குருக்கள் ஆயுதம் ஏந்தக் கூடாது, ஆனால் படையினருக்கு ஆராதனை நடத்தச் செல்லலாம் என்ற ஒழுங்கு ஐரோப்பாவில் 8ஆம் நூற்றாண்டிலேயே ஏற்பட்டது. பிரித்தானியத் தரைப்படையில் படைக்குருக்களுக்கென 1796 இல் தனித் திணைக்களம் அமைக்கப்பட்டது. ஆராதனை நடத்துதல், காயமுற்றோரைத் தேற்றுதல், இறந்தோரை அடக்கம் செய்தல், குடும்பத்தினருக்குக் கடிதம் எழுதுதல் ஆகியன இவர்களது முக்கிய பணிகளாகும்.

உதாரணம் 1 – தால்பட் இல்லம் (1915)

முதலாம் உலகப்போரின்போது பெல்ஜியத்தின் பொப்பரிங்க நகரில் 1915 டிசெம்பரில் படைக்குருவான பிலிப் கிளேற்றன் படையினருக்காக ஓர் இல்லத்தைத் திறந்தார். அவ்வாண்டு போரில் இறந்த கில்பேட் தால்பட் என்ற இளம் அதிகாரியின் நினைவாக அதற்குப் பெயரிடப்பட்டது. அங்கு அதிகாரி, சாதாரண வீரர் என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை. வீட்டின் மேல்மாடியில் சிற்றாலயம் அமைக்கப்பட்டது. தச்சரின் வேலைமேசை ஒன்றே அதன் பலிபீடம். போர்முனைக்குச் செல்லுமுன் வீரர்கள் பலர் அங்கு நற்கருணை பெற்றனர்.

உதாரணம் 2 – நான்கு படைக்குருக்கள் (1943)

1943 பெப்ரவரி 3ஆம் திகதி, 900க்கும் மேற்பட்டோருடன் சென்ற 'டோர்செஸ்டர்' என்ற அமெரிக்கக் கப்பல் கிறீன்லாந்துக்கு அண்மையில் ஜேர்மன் நீர்மூழ்கியினால் தாக்கப்பட்டது. அதில் நான்கு படைக்குருக்கள் இருந்தனர். ஜோர்ஜ் பொக்ஸ் மெதடிஸ்த குரு. கிளார்க் போலிங் சீர்திருத்தத் திருச்சபைக் குரு. ஜோன் வொஷிங்டன் கத்தோலிக்கக் குரு. அலெக்சாண்டர் கூட் யூத றபி. இவர்கள் அஞ்சியவர்களை அமைதிப்படுத்தி, உயிர்காப்பு அங்கிகளை விநியோகித்தனர். அங்கிகள் முடிந்ததும் தாம் அணிந்திருந்தவற்றையும் கழற்றிக் கொடுத்தனர். நால்வரும் கப்பலுடன் மூழ்கினர். ஏறத்தாழ 230 பேரே உயிர்தப்பினர்.

அங்கியைக் கொடுக்கும்போது 'நீ எந்தச் சமயத்தவன்?' என்று அவர்கள் கேட்கவில்லை. எனவே இந்நிகழ்வைப் பல்சமய நல்லுறவு பற்றிய வினாவுக்கும் உதாரணமாக எழுதலாம்.

5. கச்சையிலுள்ள வாசகமும் மனச்சாட்சியும்

இரு உலகப்போர்களிலும் ஜேர்மன் தரைப்படையினரின் இடுப்புக் கச்சையின் உலோகப் பூட்டில் 'கடவுள் நம்முடன்' என்று பொருள்படும் வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. நாசி ஆட்சியின் கீழ்ப் போரிட்ட வீரரும் இதையே அணிந்தனர். கடவுளின் பெயர் உடையில் இருப்பதனால் மட்டும் செயல் நீதியானதாகிவிடுமா? அதே காலத்தில் வாழ்ந்த இருவரின் வாழ்வு இதற்கு விடை தருகின்றது.

(அ) யேகர்ஸ்டெட்டர் (1907–1943)

ஒஸ்திரியாவின் சங்க்ட் ராடெகுண்ட் கிராமத்தைச் சேர்ந்த கத்தோலிக்க விவசாயி. திருமணமானவர், மூன்று பெண்பிள்ளைகளின் தந்தை. ஹிட்லரின் போர் அநீதியானது என்ற முடிவுக்கு வந்த அவர், 1943 மார்ச் மாதம் படைக்கு அழைக்கப்பட்டபோது போரிட மறுத்தார். மருத்துவ உதவியாளராகப் பணியாற்ற விரும்பியபோதும் அது ஏற்கப்படவில்லை. குடும்பத்தை நினைத்துப் பார்க்குமாறு ஆயரும் அவருக்கு ஆலோசனை கூறியிருந்தார். எனினும் அவர் மனம் மாறவில்லை. பேர்ளினில் இராணுவ நீதிமன்றத்தால் மரண தண்டனை விதிக்கப்பட்டு 1943 ஓகஸ்ட் 9ஆம் திகதி கொல்லப்பட்டார். அத்தண்டனையைப் பேர்ளின் நீதிமன்றம் 1997 இல் இரத்துச் செய்தது. 2007 ஒக்டோபர் 26ஆம் திகதி அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார்.

(ஆ) டெஸ்மண்ட் டொஸ் (1919–2006)

ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தைச் சேர்ந்தவர். ஏழாம் நாள் அட்வெந்து திருச்சபை உறுப்பினர். கொலை செய்யாதிருப்பாயாக என்ற கட்டளையின்படி ஆயுதத்தைத் தொட மறுத்தார்; சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கடைப்பிடித்தார். ஆனால் நாட்டுக்குப் பணிபுரிய மறுக்கவில்லை. 1942 இல் படையில் சேர்ந்து மருத்துவ உதவியாளரானார். சக வீரர் அவரைக் கேலி செய்தனர். அதிகாரிகள் அவரைப் படையிலிருந்து நீக்க முயன்றனர். 1945 இல் ஜப்பானின் ஒகினாவாத் தீவில் கடும் தாக்குதலின் மத்தியில் செங்குத்தான பாறை மேட்டில் தனித்து நின்று, காயமுற்ற ஏறத்தாழ 75 பேரை ஒவ்வொருவராகக் கயிற்றினால் கீழே இறக்கிக் காப்பாற்றினார். 1945 ஒக்டோபர் 12ஆம் திகதி ஜனாதிபதி ட்ரூமன் நாட்டின் அதியுயர் வீரப் பதக்கத்தை அவருக்கு அணிவித்தார்.

இவ்விருவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் அநீதியான போரில் எவ்வகையிலும் போரிட மறுத்தார். மற்றவர் போர்க்களம் சென்றார், கொல்ல மறுத்தார். ஒருவர் பதக்கம் பெற்றார். மற்றவர் தண்டனை பெற்றார். வெளியிலிருந்து கிடைத்த பலன் வேறுபட்டாலும், மனச்சாட்சியை விலைபேசாமை இருவருக்கும் பொதுவானது. தமது முடிவுக்குரிய இழப்பைப் பிறர் மீது சுமத்தாமல் தாமே ஏற்கத் துணிந்தமையும் பொதுவானது. மனச்சாட்சிக்கும் பிடிவாதத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதிலிருந்து உணரலாம்.

6. சட்டங்களும் திருச்சபைப் போதனையும்

• 1948 – சர்வதேச மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, சமயம் என்பவற்றுக்கான சுதந்திரத்தை எல்லோருக்கும் உரியதாக்குகின்றது.
• 1949 – ஜெனீவா சமவாயங்களின்படி படைக்குருக்கள் மதிக்கப்பட்டுப் பாதுகாக்கப்பட வேண்டும். போர்க்கைதிகளுக்குத் தமது சமயக் கடமைகளை நிறைவேற்றும் உரிமை உண்டு. இறந்தோர் இயன்றவரை அவரவர் சமய முறைப்படி அடக்கம் செய்யப்பட வேண்டும். பகைவரின் உடலுக்கும் இது பொருந்தும்.
• 1959 – இலங்கை இச்சமவாயங்களில் இணைந்தது. 2006ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தினால் இவை நாட்டின் சட்டத்தினுள் கொண்டுவரப்பட்டன.
• 1965 – 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு, மனச்சாட்சியின் பொருட்டு ஆயுதமேந்த மறுப்போர் வேறு வழியில் சமூகத்துக்குப் பணிபுரியச் சம்மதிப்பாராயின், சட்டம் அவர்களை மனிதாபிமானத்துடன் நடத்துவது நியாயமானது எனக் கூறுகின்றது.

எமது நாட்டிலும் இதற்கோர் சான்று உண்டு. திருகோணமலையில் நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப்போர்க் கால மயானம் உள்ளது. பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழுவின் இத்தகைய மயானங்களில் பதவி வேறுபாடின்றிக் கல்லறைகள் ஒரே வகையில் அமைக்கப்படுகின்றன. அதேவேளை, கிறிஸ்தவரின் கல்லில் சிலுவை, யூதரின் கல்லில் தாவீதின் விண்மீன் என அவரவர் சமய அடையாளம் பொறிக்கப்படுவது வழக்கம்.

நினைவிற் கொள்க

295 – மக்சிமிலியன் படையில் சேர மறுத்தல்
298 – மார்செல்லுஸ் படையிலிருந்து விலகுதல்
313 – மிலான் இணக்கம்
397 – தூய மார்ட்டினின் மரணம்
1915 – தால்பட் இல்லம்
1943 – நான்கு படைக்குருக்கள், யேகர்ஸ்டெட்டரின் மரணம்
1945 – டெஸ்மண்ட் டொஸ், ஒகினாவா
1949 – ஜெனீவா சமவாயங்கள்

பயிற்சி வினாக்கள்

பகுதி I – மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. பேதுருவின் மூலம் நற்செய்தியைக் கேட்டுத் திருமுழுக்குப் பெற்ற நூற்றுவர் தலைவர்
(1) மார்செல்லுஸ் (2) கொர்னேலியு (3) மார்ட்டின் (4) மக்சிமிலியன்

2. 'சாப்ளின்' என்ற சொல்லின் பிறப்புடன் தொடர்புடையது
(1) கச்சை (2) வாள் (3) மேலாடை (4) மலர்முடி

3. டெஸ்மண்ட் டொஸ் படையில் ஆற்றிய பணி
(1) படைக்குரு (2) மாலுமி (3) மருத்துவ உதவியாளர் (4) சமையலாளர்

பகுதி II – சுருக்கமாக விடை தருக.

4. (i) படைவீரருக்குத் திருமுழுக்கு யோவான் வழங்கிய அறிவுரைகள் இரண்டு தருக. (2 புள்ளிகள்)
(ii) உரோமப் படையில் கிறிஸ்தவர் எதிர்நோக்கிய பிரச்சினைகள் இரண்டைக் குறிப்பிடுக. (2 புள்ளிகள்)
(iii) 'நான்கு படைக்குருக்களின் செயல் பல்சமய நல்லுறவுக்குச் சான்றாகும்.' விளக்குக. (4 புள்ளிகள்)

பகுதி III – கட்டுரை வினா

5. 'சமய அடையாளத்தை அணிவதிலும் மேலானது சமயத்தின்படி நடப்பதாகும்.' படைவாழ்விலிருந்து உதாரணங்கள் காட்டி ஆராய்க. (12 புள்ளிகள்)

வினா 5க்கான மாதிரி விடை

சமய அடையாளங்கள் விசுவாசத்தை நினைவூட்டுகின்றன. கல்லறையிலுள்ள சிலுவை இறந்தவரின் நம்பிக்கையை மதிக்கின்றது. எனவே அடையாளம் பயனற்றது எனக் கூற முடியாது. ஆனால் அடையாளத்துக்கு ஏற்ற செயல் இல்லாதபோது அது வெறும் அலங்காரமாகிவிடும். நாசி ஆட்சியின் கீழிருந்த படையினரின் கச்சையில் கடவுளின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அப்படை அநீதியான போரில் ஈடுபட்டது. அக்காலத்தில் யேகர்ஸ்டெட்டர் அக்கச்சையை அணிந்து போரிட மறுத்து உயிர்துறந்தார். பலர் அணிந்திருந்த வாசகத்தை அவர் வாழ்ந்து காட்டினார். டெஸ்மண்ட் டொஸ் ஆயுதமின்றிப் போர்க்களம் சென்று உயிர்களைக் காத்தார். நான்கு படைக்குருக்கள் சமய வேறுபாடு பாராது தமது உயிர்காப்பு அங்கிகளைக் கொடுத்தனர். தூய மார்ட்டின் தமது சீருடையையே பகிர்ந்தார். இவர்கள் எல்லோரிடமும் அடையாளம் செயலாக மாறியது. ஆகவே அடையாளம் தொடக்கமாகும். அன்பும் மனச்சாட்சியுமே அதன் நிறைவாகும்.

விடையெழுதும்போது கவனிக்க வேண்டியவை

• 'கிறிஸ்தவர் படையில் சேரவே கூடாது' என்றோ 'கட்டளையிட்டால் எதையும் செய்யலாம்' என்றோ ஒரே வரியில் முடிவு எழுதிவிடாதீர்கள். கிறிஸ்தவர் வெவ்வேறு முடிவுகளை எடுத்துள்ளனர். இரு பக்க நியாயங்களையும் கூறிய பின்னர் உங்கள் கருத்தை எழுதுங்கள்.
• பெயரை மட்டும் எழுதினால் போதாது. அவர் என்ன செய்தார், ஏன் செய்தார் என்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.
• மனச்சாட்சிச் சுதந்திரம் எமக்கு மட்டுமன்றிப் பிற சமயத்தவருக்கும் உரியது. இக்கருத்தை ஒரு வாக்கியத்திலாவது குறிப்பிடுங்கள்.

பகுதி I விடைகள்: 1 – (2), 2 – (3), 3 – (3)

சிந்தனைக்கு: நீங்கள் சீருடை அணிந்த படைவீரராக இல்லாதிருக்கலாம். ஆனால் வகுப்பில் ஒருவனை எல்லோரும் கேலி செய்யும்போதும், நண்பர்கள் தவறான செயலுக்கு அழைக்கும்போதும் உங்கள் மனச்சாட்சி பேசும். அவ்வாறான ஒரு சந்தர்ப்பத்தில் நீங்கள் எடுக்கக்கூடிய முடிவையும், அதனால் உங்களுக்கு ஏற்படக்கூடிய இழப்பையும் ஐந்து வரிகளில் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள்.